மஞ்சள் நீரில் படாத விரல்

தபாற் கந்தோரில் இன்று பென்சன் நாள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு முத்திரை மட்டும். எனக்கு முன்னால் நின்ற கிழவர் இடது பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார். படிவத்தில் உருட்டி எடுத்தார். மிச்ச மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். அந்த மையின் வாசனை என் பக்கம் வந்தது. எண்ணெயும் துருவும் சேர்ந்த, கொஞ்சம் புளித்த வாசனை. முத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இதை நீங்கள் வாசிக்கமாட்டீர்கள் என்பது எனக்கு ஒரு வசதி. வாசித்தால், எந்த வரி நடந்தது, எந்த வரி நான் நல்லவனாகத் தெரிவதற்காக எழுதியது என்று உடனே பிடித்துவிடுவீர்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் நாம் ஒருவரையொருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் எழுதவேண்டியதை முதலில் எழுதுகிறேன். நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்று நிரூபிக்க அனுப்பப்பட்டவன் நான்.

*

ஐம்பத்தெட்டு. எனக்கு எட்டு வயது. கொழும்பில் கலவரம். தப்பியவர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். அங்கிருந்து சொந்தக்காரரைத் தேடி ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். வேலணைக்கு வந்த பஸ்ஸிலிருந்து நீங்கள் தனியாக இறங்கினீர்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. பூட்டு இல்லை, கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் படலையடியில் நின்று என் பாட்டனாரின் முழுப்பெயரைச் சொன்னீர்கள். அவருடைய தகப்பனின் பெயரையும் சேர்த்து, காணி உறுதிப் பத்திரத்தில் எழுதுவதைப்போல.

"நான் அவரின்ரை மகள்," என்றீர்கள்.

பாட்டியும் பாட்டனாரும் செத்து அப்போது எத்தனையோ வருடம். பாட்டனார் மலாயாவில் ரயில்வேயில் இருந்தவர். முதல் மகாயுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ரயில் பாதை போட என்று ஈராக்கிலுள்ள பாஸ்ராவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். முழங்காலில் ஒரு காயத்தோடும் ஒரு பட்டாளப் பென்சனோடும் திரும்பியவர். நெடுந்தீவில் கல்யாணம் செய்து, சில வருடம் அங்கேயே இருந்து, பிறகு மனைவியோடும் சின்னக் குழந்தையோடும் வேலணையில் தன் பரம்பரைக் காணிக்கு வந்தவர். அந்தக் குழந்தைதான் என் ஐயா. ஒரே பிள்ளை. ஊர் அப்படித்தான் அறிந்திருந்தது.

ஐயா படலையைத் திறக்கவில்லை. மேலால் பார்த்துக் கேட்டார்.

"பேப்பர் ஏதும் கிடக்கோ?"

"எரிஞ்சு போச்சு."

"ம். எல்லாருக்கும் வசதியாய் எரிஞ்சுதான் போட்டுது."

நீங்கள் அழவில்லை. அது ஐயாவுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நீங்கள் சொன்ன கதை சின்னது. தைப்பிங்கில் பிறந்தீர்கள். தாய் செத்துவிட்டாள். யுத்தம் முடிந்து வந்த தகப்பன் உங்களைக் கப்பலில் கூட்டிவந்து, கொழும்பில் தாயின் தங்கையிடம் விட்டுவிட்டு, திரும்பி வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கு முன் குசினியில் அவர் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். சொந்தக்காரருக்குப் பித்தளை மூக்குப்பேணி. பிறத்தியாருக்குப் பீங்கான் கோப்பை. கடைசியில் ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் கொண்டுவந்தார். கிளாஸ் எந்தப் பக்கமும் சாராது.

ஐயா உங்களைச் சோதித்தார்.

"அவருக்கு எந்தக் காலிலை காயம்?"

"தெரியாது."

"தேப்பன்ரை கால் தெரியாதோ?"

"கப்பலாலை இறங்கேக்கை எனக்கு ஆறு வயசு. அவரின்ரை தோளிலை இருந்தனான். தோளிலை இருக்கிற ஆளுக்குக் கால் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

ஒரு கிழமைக்கு மட்டும் என்று சொல்லி, குசினிக்குப் பக்கத்து அறையைத் தந்தார்கள். வெங்காயம் காயப்போடும் அறை.

*

உங்களை மாமி என்று கூப்பிடக்கூடாது என்று ஐயா சொன்னார். தகப்பனின் சகோதரிதான் மாமி. அது முடிவாகவில்லை. ஊர்ப் பொடியள் உங்களைக் 'கப்பல் அக்கா' என்றார்கள். எனக்கு அதுவும் தரப்படவில்லை. கூப்பிடாமலே கதைக்கப் பழகினேன். உங்கள் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். நீங்கள் நிமிர்ந்து, "சொல்லும்," என்பீர்கள். எட்டு வயதுப் பையனை 'நீர்' என்று கதைத்த ஒரே ஆள் நீங்கள். அது மரியாதையா, தள்ளி நிற்கச் சொல்வதா என்று நான் வெகுகாலம் யோசித்தேன்.

கிழமை வருடமானது. நீங்கள் சும்மா இருக்கவில்லை. வேலணையில் மலாயாப் பென்சன்காரர் நிறைய. தாம் இன்னும் உயிரோடு இருப்பதாக அவர்கள் வருடாவருடம் படிவம் நிரப்பி, யாழ்ப்பாணம் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் கந்தோருக்கு, அனுப்பவேண்டும். உங்களுக்கு நல்ல இங்கிலீஸ் கையெழுத்து. ஒவ்வொருவராக வந்தார்கள். மாமரத்தின் கீழ் ஒரு பழைய கதிரையில் இருந்து எழுதிக்கொடுத்தீர்கள்.

"பிள்ளை, நான் இன்னும் சாகேல்லை எண்டதை வடிவாய் எழுது," என்றார் ஒரு கிழவர்.

"நீங்கள் சொன்னால் காணாது அப்பு. ஊர் விதானையார் சொல்லோணும்."

"விதானைக்கு என்ன தெரியும்? அவன் என்னைக் கண்டே ஆறு மாசம்."

"அப்ப ஆறு மாசத்துக்கு முந்தி உயிரோடை இருந்தனீங்கள் எண்டு எழுதட்டோ?"

கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். கிணற்றடியில் நின்ற ஐயா சிரிக்கவில்லை.

"படிவம் நிரப்பத் தெரிஞ்ச ஆளுக்கு, படிவத்தை ஏமாத்தவும் தெரியும்," என்றார் அம்மாவிடம். உங்களுக்குக் கேட்கும்படிதான்.

நானும் என் பங்குக்குச் செய்தேன். பன்னிரண்டு வயதில், நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது, தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு சேலை. ஒரு சீப்பு. காலியான ஒரு பவுடர் டப்பா. படம் இல்லை, கடிதம் இல்லை. ஒன்றும் இல்லாமல் ஒரு ஆள் எப்படி இருக்க முடியும்? ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பெரிய தடயமாகப் பட்டது. கயிற்றை முன்போலவே கட்டிவைத்தேன். அன்று பின்னேரம் நீங்கள் அதை அவிழ்த்து, வேறு முடிச்சுப் போட்டுக் கட்டினீர்கள்.

*

எழுபத்துநாலு. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துமுடித்து, வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அக்காவுக்குப் புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். நாங்கள் இருக்கும் வீடும் வளவும் சீதனமாக எழுதப்படவேண்டும். அக்காவுக்கு இருபத்தொன்பது. இதற்கு முன் மூன்று பேச்சுக் குழம்பியிருந்தது. நான்காவதும் குழம்பினால் என்ன என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐயாவும் நானும் ஊர்காவற்றுறையில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். பழைய நொத்தாரிசின் கட்டுகளெல்லாம் இவரிடம்தான் இருந்தன. அவர் ஒரு கட்டை அவிழ்த்து ஒரு தாளை எடுத்தார்.

"காணி உம்மடை பேரிலை இல்லையே," என்றார் ஐயாவிடம்.

"தேப்பன்ரை காணி. பிள்ளைக்குத்தானே."

"அவர் ஒரு மரணசாதனம் எழுதி வைச்சிருக்கிறார். கலியாணம் முடிச்ச வருசமே எழுதினது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். காணியை மனைவி தன் சீவியகாலம் வரை அனுபவிக்கவேண்டியது. அவளுக்குப் பின் அது எனக்குப் பிறந்த பிள்ளைகளைச் சேரவேண்டியது. "பிறந்த பிள்ளையள் ஆர் ஆர்?"

"நான் ஒருத்தன்."

"வீட்டிலை ஒரு அம்மா இருக்கிறா எண்டு கேள்வி."

"அது கப்பலிலை வந்தது."

"கப்பலிலை வந்தாலும் தேப்பன் தேப்பன்தானே? ஒண்டில் அவ மகள் இல்லை எண்டு காட்டும். இல்லாட்டி அவவும் வந்து ஒப்பம் வைக்கட்டும். ரெண்டும் இல்லாமல் நான் சீதன உறுதி எழுத ஏலாது."

வெளியே வந்ததும் ஐயா என்னிடம் சொன்னார்:

"சரித்திரம் படிச்சனிதானே? செத்த ராசாக்களின்ரை தேப்பன்மாரைக் கண்டுபிடிக்கிறியள். என்ரை தேப்பனுக்கு எத்தினை பிள்ளை எண்டு கண்டுபிடி, பாப்பம். உவ இல்லை எண்டு வரவேணும்."

முடிவு முதலில். ஆதாரம் பிறகு. பல்கலைக்கழகத்திலும் சிலர் அப்படித்தான் எழுதினார்கள்.

நொத்தாரிசிடம் கெஞ்சி, அதே கட்டிலிருந்த மற்ற மரணசாதனங்களை இரண்டு நாள் இருந்து வாசித்தேன். செத்தவர்கள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். என் மூத்த மகன் இன்னார். என் இளைய மகள் இன்னாள். தன்னைப் பார்க்காத மகனைக்கூடப் பெயர் சொல்லி ஒருவர் விலக்கியிருந்தார். பாட்டனார் மட்டும் ஒரு பெயரும் எழுதவில்லை. எனக்குப் பிறந்த பிள்ளைகள். புது மனைவி பக்கத்தில் இருந்திருப்பாள். சொல்ல விரும்பாத ஒரு பெயர் அவருக்கு இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, நீங்கள் பொய் சொல்லவில்லை என்று. ஆனால் விளங்கியதை நான் நம்பவில்லை.

*

யாழ்ப்பாணம் கச்சேரியில் பழைய கோப்பு அறை. அங்கிருந்த கிளாக்கர் வெற்றிலை போடுகிறவர். வேலை இல்லாத பட்டதாரிகளைப் பார்த்துப் பழகியவர்.

"பட்டாளப் பென்சனோ? எந்த யுத்தம் தம்பி? முதலாவதோ, ரெண்டாவதோ, இல்லாட்டி உங்கடை வீட்டிலை நடக்கிறதோ?"

"ஆராய்ச்சிக்கு."

"ஓம் ஓம். இஞ்சை வாறவை எல்லாரும் ஆராய்ச்சிதான். கடைசியிலை பாத்தால் ஒரு வேலிச் சண்டை."

மூன்றாம் நாள் கிடைத்தது. நூலால் தைத்த கோப்பு. ஓரமெல்லாம் செல் அரித்திருந்தது. பெருவிரல் அடையாளங்களின் மை முப்பது நாற்பது வருடத்துக்குப் பிறகும் மணத்தது.

காயம் வலது முழங்காலில்.

தங்கியிருப்போர்: மகள், ஒன்று. பிறந்த இடம் தைப்பிங். உங்கள் பெயர். அங்க அடையாளம்: இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு.

அந்தத் தழும்பை நான் பதினாறு வருடம் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால் அது கொஞ்சம் வெளிறும்.

கோப்பை அத்தோடு மூடியிருக்கலாம். பாட்டனார் வருடாவருடம் நிரப்பிய படிவங்கள் அடுத்தடுத்து இருந்தன. பிள்ளைகள்: ஒன்று, பெண். மறு வருடம்: ஒன்று, பெண். ஐயா பிறந்த வருடம் வந்தது. ஒன்று, பெண். அதற்கு அடுத்த வருடம். ஒன்று, பெண். விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஐயாவுக்கு மூன்று வயதாகும்வரை ஐயா அந்தக் கோப்பில் பிறக்கவில்லை.

பிறகு ஒரு கடிதம். தமிழில், பாட்டனாரின் கையெழுத்தில். எனக்கு அது மனப்பாடம்.

'எனக்கு இவ்விடத்து மனைவியிடம் பிள்ளை இல்லை. நெடுந்தீவில் காய்ச்சலில் தாய் தகப்பனை இழந்த ஓர் ஆண்பிள்ளையை எடுத்து, இனத்தார் முன்னிலையில் மஞ்சள் நீர் குடித்து மகனாக்கிக்கொண்டோம். உரித்துக்காரர் யாவரும் விரல் வைத்தார்கள். கொழும்பிலிருக்கும் என் மகள் மாத்திரம் வரவில்லை. இந்த மகனுக்கும் பிள்ளைப்படி தந்தருளவேண்டியது.'

அதன் கீழே இங்கிலீசில் இரண்டு வரிப் பதில். பென்சன்காரருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே. விண்ணப்பம் தள்ளப்பட்டது.

தேசவழமை என்று நாங்கள் சொல்லும் பழைய யாழ்ப்பாணச் சட்டத்தை நான் மேலோட்டமாகப் படித்திருந்தேன். பிள்ளை எடுக்கிறவர்கள் மஞ்சள் கரைத்த நீரைக் குடிக்கவேண்டும். சம்மதிக்கிற உரித்துக்காரர் ஒவ்வொருவரும் அந்த நீரில் விரலை வைக்கவேண்டும். வைக்காதவருடைய உரிமை குறையாது. அவருக்கு வரவேண்டியது அவருக்கே.

மரணசாதனம் பிறந்த பிள்ளைகளுக்கு என்கிறது. பிறந்தது நீங்கள் ஒருவர்தான். பாட்டனார் பிறகு ஒரு மகனை எடுத்தார், ஆனால் மரணசாதனத்தை மாற்றவில்லை. மறந்தாரா, விட்டாரா தெரியாது. வீடு உங்களுடையது. வளவு, கிணறு, புகையிலைத் தோட்டம் எல்லாம் உங்களுடையவை. வெங்காய அறையில் நாங்கள் உங்களை வைத்திருக்கவில்லை. உங்கள் வீட்டில் நாங்கள் இருந்தோம்.

ஐயா ஒருநாளும் நெடுந்தீவுக்குப் போனதில்லை. பிறந்த ஊர் என்பார், ஆனால் கடல் ஒத்துவராது என்பார். அதுவும் அப்போது ஞாபகம் வந்தது.

"என்ன தம்பி, வேலி எந்தப் பக்கம் போகுது?" என்றார் கிளாக்கர்.

*

நான் வளவுக்குள் வந்தபோது நீங்கள் மாமரத்தின் கீழ் யாருக்கோ படிவம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அந்த ஆள் போகும்வரை நின்றேன். தொண்டையைச் செருமவில்லை. நீங்களே கேட்டீர்கள்.

"எத்தினையாம் பக்கம் வரைக்கும் வாசிச்சனீர்?"

"எதை?"

"விசர்க்கதை கதையாதையும். கச்சேரிப் புழுதி உம்மடை சேட்டிலை கிடக்கு."

"கடைசிப் பக்கம் வரைக்கும்."

"அப்ப மஞ்சள் தண்ணியும் வாசிச்சாச்சு."

நீங்கள் பேனாவை மூடினீர்கள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அறுபதிலை. ஒரு பென்சன்காரருக்காகக் கச்சேரிக்குப் போன இடத்திலை கேட்டு வாங்கிப் பாத்தனான். உங்கடை வீட்டிலை ரெண்டு வருசம் இருந்ததிலை, நான் பிறந்தனானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்கு? உம்மடை ஐயாவுக்கோ? நான் சொன்னால் அவர் நம்புவரோ?" தழும்பு வெளிறவில்லை. சாதாரணமாகத்தான் இருந்தீர்கள். "அவர் என்னை நம்பாமல் இருக்கிறதுதான் அவருக்கு நல்லது. நம்பினால் அவர் ஆர்?"

பதினாலு வருடம். தினமும் அம்மா தந்த தண்ணீர்த் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு. ஐயாவின் குத்தல்களைக் கேட்டுக்கொண்டு. ஒரு வார்த்தை சொன்னால் முழு வீடும் வெளியே போகவேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு. இதை நல்ல மனம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, இன்றைக்கும். யாரையும் எந்த நேரமும் கவிழ்க்கலாம் என்ற நினைப்போடு சோறு உண்பதில் ஒரு ருசி இருந்திருக்கும். அந்த ருசி உங்களுக்கு இருந்ததா?

இன்னொன்றையும் நினைத்தேன். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதிக் கோப்பில் செருகியிருந்தால்? அந்தத் தாளைப் பிடித்திருந்த நூல் மற்றத் தையல்களைவிட வெள்ளையாக இருந்தது. பழைய கையெழுத்தைப் பார்த்து எழுதக்கூடியவர், படிவங்களின் பாஷை தெரிந்தவர், அறுபதில் அந்த அறைக்குப் போய்வந்தவர். எல்லாம் பொருந்தியது. பொருந்தாதது ஒன்றுதான். பொய் செய்கிறவர் அதைப் பயன்படுத்துவார். நீங்கள் பதினாலு வருடம் அதைத் தொடவேயில்லை. பயன்படாத பொய்யை யார் செய்வார்கள்? பகலில் இந்த நியாயம் சரியாக இருக்கும். படுத்தால் நூலின் வெள்ளை ஞாபகம் வரும்.

"ஒப்பம் வைக்கிறன் எண்டு சொல்லும்," என்றீர்கள். "பொடிச்சியின்ரை கலியாணம் குழம்பக்கூடாது. ஒண்டே ஒண்டு. உறுதியிலை என்னை அவரின்ரை மகள் எண்டு எழுதோணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவு எண்டு நீர் நினைக்கிறீர்."

ஐயாவிடம் சொன்னேன். "பைலிலை அவ மகள் எண்டு கிடக்கு. தழும்பும் எழுதியிருக்கு. ஒப்பம் வைக்கிறன் எண்டுறா."

"வேறை என்ன கிடந்தது?"

"வேறை ஒண்டும் இல்லை."

ஐயா என்னை நெடுநேரம் பார்த்தார். மகனைப் பார்க்கும் பார்வை இல்லை. படலைக்கு மேலால் உங்களைப் பார்த்த பார்வை.

*

நொத்தாரிசின் அறையில் மூன்று கதிரை. நீங்கள் நடுவில். இரண்டு சாட்சிகள் சுவரோடு நின்றார்கள். நொத்தாரிசு எழுதியதை உரத்து வாசித்தார். 'காலஞ்சென்ற இன்னாரின் மகளாகிய நான், எனது சகோதரராகிய இன்னார்மீது எனக்குள்ள அன்பினாலும் பட்சத்தினாலும், எனக்குரிய அரைவாசிப் பங்கை'

"பொறுங்கோ," என்றீர்கள். "அரைவாசி எண்டு போடாதேங்கோ. எனக்குள்ள சகல உரித்தும் எண்டு போடுங்கோ."

"அரைவாசிதானே அம்மா உங்களுக்கு வரும்?"

"கூட எழுதினால் உங்கடை பேனை தேஞ்சுபோமோ?"

சாட்சிகளில் ஒருவர் சிரித்தார். நொத்தாரிசு அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஏன் கேட்டீர்கள் என்று அறையில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். அரைவாசி கொடுத்தால் மற்ற அரைவாசி உங்களிடமே கிடக்கும். ஐயாவுக்குக் காலூன்ற ஓர் அடி மண்ணும் சட்டப்படி இருக்காது. நிமிர்ந்து பார்த்தேன். ஐயா உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகோதரர் என்ற சொல்லை நீங்கள் திருத்தவில்லை.

கையொப்பம் வைத்தீர்கள். பெருவிரல் அடையாளமும் வேண்டும் என்றார் நொத்தாரிசு. மைப்பெட்டியைத் திறந்தார். நீங்கள் விரலை அதில் வைத்து, எடுக்காமல் கொஞ்சம் இருந்தீர்கள். நான் குனிந்து தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் காதோடு, மூச்சளவில் சொன்னீர்கள்:

"அம்பது வருசம் பிந்திப்போச்சு."

அப்போதுதான் அந்த மை எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

*

அக்கா இறுப்பிட்டிக்குப் போனாள். வளவு அவள் பெயருக்கு மாறியது. நாங்கள் எல்லோரும் வேலணை வீட்டிலேயே இருந்தோம். நீங்கள் வெங்காய அறையை விட்டு வரவில்லை. முன் அறைக்கு வரச்சொல்லி அம்மா கேட்டார்.

"இஞ்சை எனக்குப் பழகிப்போச்சு," என்றீர்கள். அது பணிவா, அல்லது எங்களைத் தினமும் அந்த அறையைக் கடந்து குசினிக்குப் போகவைக்கும் தண்டனையா?

அம்மா மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் தரத் தொடங்கினார். ஐயா குத்திக் கதைப்பதை நிறுத்தினார். கதைப்பதையே நிறுத்தினார் என்றும் சொல்லலாம். ஒருவேளை அதுதான் உங்கள் கணக்கோ என்று எனக்குத் தோன்றும். ஊர் முழுவதும் இப்போது வாசிக்கக்கூடிய ஒரு தாளில், ஐயா இன்னாரின் மகன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி நீங்கள். அவர் உங்களை மறுத்தால் தன்னையே மறுக்கவேண்டும். அன்பு என்றால் அன்பு. பிடி என்றால் பிடி. உறுதியில் 'பட்சம்' என்றுதான் இருந்தது.

நான் உங்களை மாமி என்று கூப்பிடத் தொடங்கினேன். முதல் தடவை நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தீர்களாம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கு நயினாதீவில் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் வள்ளம் ஏறி வருவேன்.

"என்ன, இன்னும் நூலைப் பாக்கிறீரோ?" என்று ஒருநாள் கேட்டீர்கள். நான் அந்த வெள்ளை நூலைப்பற்றி உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "அது நான்தான் தைச்சது. வாசிக்கேக்கை அந்தத் தாள் கழண்டு கையோடை வந்திட்டுது. கிளாக்கரிட்டை ஊசி வாங்கித் தைச்சுப்போட்டு வந்தனான். மற்றவையின்ரை பேப்பர் விழுந்து துலையக்கூடாது."

மற்றவர்களுடைய என்றீர்கள். உங்களுடைய ஆயுதம் அந்தத் தாள்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதுதான் உங்களுக்கு வீட்டைக் கொடுத்த தாள், எங்களைத் தெருவில் விட்டிருக்கக்கூடிய தாள். கழன்று வந்ததைக் கிழித்துப் போட்டிருந்தால், ஐயா எடுத்த பிள்ளை என்பதற்கும் மகனாக்கப்பட்டார் என்பதற்கும் ஒரு துண்டும் மிஞ்சியிருக்காது. நீங்கள் ஊசி கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். நம்பினேனா? பாதி.

*

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தது மூன்று நாள்தான். நான் வள்ளத்தில் வந்துசேரப் பிந்திவிட்டது.

ரேடியோவுக்கு மரண அறிவித்தல் எழுத ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்ல நான் எழுதினேன். இன்னாரின் அருமை மகளும், என்று தொடங்கினார். இன்னாரின் அன்புச் சகோதரியும், என்று தன் பெயரைச் சொன்னார். குரல் தடுமாறவில்லை. என்னையும் அக்காவையும் மருமக்களாகச் சேர்த்தார். பிள்ளை இல்லாத உங்களுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். சொந்தம் உள்ளவன்தான் வைக்கவேண்டும் என்பார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரிடமும் தடுக்கத் தாள் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பண்ணைப் பாலத்தில் காற்று. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். ஐயா ஜன்னல் பக்கம் இருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"தம்பி."

"ஓம் ஐயா."

"அந்தப் பைலிலை என்னை மகன் எண்டு எழுதியிருந்ததோ?"

ஏழு வருடம் அந்தக் கேள்வியை வைத்திருந்திருக்கிறார். நீங்கள் போகும்வரை. அல்லது கேட்கத் தேவையில்லாததால் கேட்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலை என் முகத்தில் தேடாதிருக்க அவர் எடுத்த கவனம் எனக்குத் தெரிந்தது.

"எழுதியிருந்தது," என்றேன். "மகனாக்கிக்கொண்டோம் எண்டு. பாட்டன்ரை கையெழுத்திலைதான்."

"தள்ளிப்போட்டினமோ?"

"இல்லை."

பஸ் பாலத்தின் நடுவுக்கு வந்தது. ஐயா தலையாட்டினார்.

"அவவும் அதைத்தான் சொன்னவ. ஆஸ்பத்திரியிலை கேட்டனான்." பிறகு சொன்னார்: "ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்."

வேலணை வரும்வரை என் கையைப் பிடித்திருந்தார். பெரியவனான பிறகு அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஆள் சாயாமல் இருக்கப் பிடித்தாரா, வேறு எதற்காவதா, தெரியாது.

மாமி, நாம் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் என்ன சொல்லப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. இருந்தும் அந்த இங்கிலீஸ் இரண்டு வரியை நீங்களும் விட்டுவிட்டீர்கள், நானும் விட்டுவிட்டேன். விண்ணப்பம் தள்ளப்பட்டது என்பதை இப்போது இந்த ஊரில் அறிந்தவன் நான் ஒருவன். இனி அதை நான் வைத்திருக்கவேண்டும், ஐயா உயிரோடு இருக்கும்வரைக்கும், முகத்தில் ஒன்றும் காட்டாமல். பதினாலு வருடம் நீங்கள் அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.